செஞ்சிக் கோட்டையும் சேதியின் வேகமும்



தலைப்பைப் பார்த்து தேசிங்கு ராஜா கதை என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். ராஜா கொஞ்சம் பின்னாடி வந்தவர், 1714-ல் இறந்தார். நான் சொல்லப்போவது அதற்கு இருபது வருஷம் முன்னால் எங்கள் செஞ்சியில் கிளம்பிய ஒரு வதந்தியைப் பற்றி. அங்கே தொடங்கி 1972-ல் இரண்டு பேர் எழுதிய ஏழு பக்கக் கட்டுரை, சென்னை தரமணியில் போட்ட ஒரு கணக்கு, ஜெர்மனியில் செய்த ஒரு சோதனை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, திரும்ப எங்கள் வல்லத்துக்கே வந்து சேருவோம். கொஞ்சம் நீளமான பதிவுதான். டீ எடுத்து வைத்துக்கொண்டு படிக்கவும் :-)

"பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா குவாண்டம்?" என்று வகுப்பில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். அதற்கான பதில் என் தாத்தா விற்ற மல்லாட்டையில் இருக்கிறது. (வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம்.) அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1692, டிசம்பர்

சிவாஜி 1677-ல் செஞ்சியைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம், மராட்டிய நாட்டில் மொகலாயர் நெருக்கடி தாங்க முடியாமல் 1689-ல் இங்கே வந்து சேர்ந்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி சுல்பிகார் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கினார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் சேர்த்து மதில் போட்ட கோட்டை. அவ்வளவு சீக்கிரம் விழுமா? முற்றுகை 1698 வரைக்கும் இழுத்தது.

இந்த எட்டு வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 1692 டிசம்பர். முற்றுகையை உடைக்க சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் படையோடு வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் முதலில் கோட்டைக்குள் போகவில்லை. மொகலாயப் பாசறைக்குத் தானியம் வரும் வழியை அடைத்தார்கள். கூடவே தபால் வரும் வழியும் அடைபட்டது. தக்காணத்தில் இருந்த ஔரங்கசீப்புக்கும் செஞ்சிக்கும் நடுவில் சேதிப் போக்குவரத்து நின்றுபோனது.

சேதி நின்றால் என்ன ஆகும்? வதந்தி வரும். "பாதுஷா இறந்துவிட்டார்" என்ற பேச்சு பாசறையில் பரவியது. ஔரங்கசீப்பின் கடைசி மகன் இளவரசர் காம் பக்ஷ் அப்போது அதே பாசறையில் இருந்தார். அப்பா இறந்தது உண்மையானால் அண்ணன்களோடு வாரிசுச் சண்டை வரும், தன் தலை தப்பாது என்று அவருக்குப் பயம். எதிரி ராஜாராமோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தார். விஷயம் சுல்பிகார் கானுக்கும் அவர் தந்தை வசீர் அசத் கானுக்கும் தெரிந்துபோக, பாதுஷாவின் மகனையே கைது செய்தார்கள். 1693 ஜனவரியில் மொகலாயப் படை முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. கோட்டை விழ இன்னும் ஐந்து வருஷம் ஆனது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

இந்தப் பாசறையில் தல்பத் ராவ் புந்தேலாவிடம் வேலை பார்த்த பீம்சேன் என்பவர் பாரசீக மொழியில் நினைவுக் குறிப்பு எழுதி வைத்தார். முற்றுகை பற்றி இன்று நமக்கு இவ்வளவு விவரம் தெரிவதற்கு அவரும் ஒரு காரணம்.

சரி, பாதுஷா உண்மையிலேயே இறந்துவிட்டாரா? இல்லை. அவர் இறந்தது 1707-ல். வதந்திக்குப் பிறகு 14 வருஷம் உயிரோடு இருந்தார்!

இப்போது காம் பக்ஷ் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் தக்காணத்திலிருந்து செஞ்சிக்குப் பல நாள் ஆகும். நேற்று அங்கே என்ன நடந்தது என்று இன்று இங்கே தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. பாதுஷா இறந்த உலகமும் உயிரோடு இருக்கும் உலகமும், செஞ்சியில் இருப்பவருக்கு அந்த நாட்களில் ஒரே மாதிரிதான் தெரியும். சேதி வந்து சேரும் வரை "அங்கே" நடந்த எதுவும் "இங்கே" எந்த மாற்றத்தையும் செய்யாது.

ஒரு காகிதத்தில் படுக்கைவாட்டில் தூரம், செங்குத்தாக நேரம் என்று வைத்து வரைந்தால், ஒரு சம்பவத்தின் சேதி இரண்டு பக்கமும் சாய்கோடாக விரியும். தலைகீழாக நிறுத்திய ஐஸ்கிரீம் கூம்பைத் திருப்பி வைத்த மாதிரி ஒரு வடிவம். கூம்புக்கு உள்ளே இருப்பவர்களுக்குச் சேதி தெரியும். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. காம் பக்ஷ் கூம்புக்கு வெளியே நின்றுகொண்டு முடிவெடுத்தார், மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

இனி இயற்பியலுக்கு வருவோம். பயப்பட வேண்டாம், நானும் உங்களைப் போலத்தான்.

அணிக்கோவை என்றால் என்ன?

பிளஸ் ஒன் வேதியியல் எடுத்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். படிகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக, சதுரங்கப் பலகையின் கட்டங்கள் மாதிரி அடுக்கியிருக்கும். அந்த அடுக்குக்குப் பெயர் அணிக்கோவை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குட்டிக் காந்தம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஸ்பின் என்கிறார்கள். ஒவ்வொரு ஸ்பின்னும் பக்கத்து வீட்டுக்காரரோடு மட்டும்தான் பேசும். நாலு வீடு தள்ளி இருப்பவரோடு நேரடிப் பேச்சு கிடையாது. காந்தங்களை விளக்க ஹைசன்பர்க் 1928-லேயே இப்படி ஒரு மாதிரியைக் கொடுத்தார்.

கேள்வி இதுதான்: ஒரு மூலையில் இருக்கும் ஸ்பின்னைத் தட்டினால், எதிர் மூலையில் இருக்கும் ஸ்பின்னுக்கு அது எப்போது தெரியும்?

ஒளியின் வேகத்தை எதுவும் தாண்டாது என்று ஐன்ஸ்டீன் 1905-ல் சொல்லிவிட்டாரே, அதோடு முடிந்ததல்லவா என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். இந்த ஸ்பின் மாதிரிகளை எழுதும்போது சார்பியல் கோட்பாட்டை உள்ளே கொண்டுவருவதே இல்லை. 1926-ல் வந்த ஸ்ரோடிங்கர் சமன்பாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சமன்பாட்டில் வேக வரம்பு என்று ஒன்று கிடையாது. கணக்குப்படி பார்த்தால் தட்டிய மறு கணமே அணிக்கோவை முழுவதிலும் மிக மிகச் சின்னதாக ஏதோ ஒன்று மாறிவிடும். அப்படியென்றால் அங்கே சேதிக்கு வேகமே இல்லையா? எல்லாருக்கும் எல்லாம் உடனே தெரிந்துவிடுமா?

ஏழு பக்கம்

1972-ல் எலியட் லீப், டெரெக் ராபின்சன் என்ற இருவர் கணித இயற்பியல் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 251-ஆம் பக்கத்தில் தொடங்கி 257-ஆம் பக்கத்தில் முடிந்துவிடும். அதில் அவர்கள் நிரூபித்தது: ஒவ்வொரு ஸ்பின்னும் பக்கத்தில் இருப்பவற்றோடு மட்டும், ஒரு எல்லைக்கு உட்பட்ட பலத்தோடு பேசுமானால், அந்த அணிக்கோவைக்கு என்று ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தில் விரியும் கூம்புக்கு வெளியே, தட்டலின் தாக்கம் அடுக்குக்குறி முறையில் தேய்ந்துபோகும்.

இந்த வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அணுக்களுக்கு இடையில் எவ்வளவு தூரம், அவை எவ்வளவு பலமாகப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது அது. பொருளுக்குப் பொருள் மாறும். செஞ்சிப் பாசறையின் சேதி வேகம் குதிரையையும் பாதையையும் பொறுத்தது போல. இயற்கை மேலிருந்து போட்ட சட்டமாக அது வரவில்லை, பக்கத்து வீட்டுப் பேச்சிலிருந்தே பிறந்துவிட்டது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த விஷயம் இது.

எப்படிப் பிறக்கிறது? நிரூபணம் எனக்குப் புரியாது. ஆனால் உள்ளே இருக்கும் விஷயத்தைக் கால்குலேட்டர் வைத்தே பார்க்கலாம். தட்டல் 10 வீடு தள்ளிப் போக வேண்டும் என்றால் 10 முறை கைமாற வேண்டும். நேரத்தை (பேச்சின் பலத்தால் பெருக்கி) t என்று வைத்தால், 10 கைமாற்றம் நடந்திருப்பதன் அளவு ஏறக்குறைய t-இன் 10-ஆவது அடுக்கை, 1 முதல் 10 வரை பெருக்கினால் வரும் எண்ணால் வகுத்தது. அந்தப் பெருக்கல் 36,28,800. t = 1 என்றால் விடை 36 லட்சத்தில் ஒரு பங்கு. ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். t = 4 என்றால் 4-இன் 10-ஆவது அடுக்கு 10,48,576. வகுத்தால் 0.29. திடீரென்று கண்ணில் படும் அளவுக்கு வந்துவிட்டது!

இதையே 20 வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். t = 8 வரும்போது விடை 0.47. 40 வீட்டுக்கு t சுமார் 16 வேண்டும். தூரம் இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் மாறாத ஒரு எண். அதற்குப் பெயர்தானே வேகம்? நான் இதை முதல் முறை போட்டுப் பார்த்தபோது மணி ராத்திரி ஒன்று. அம்மா திட்டியது தனிக் கதை.

நம்ம பாடத்தில் இருக்கும் தேய்மானம்

"கூம்புக்கு வெளியே பூஜ்யமா, இல்லையா?" என்று கேட்டால், பூஜ்யம் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். இங்கே காமர்ஸ்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தேய்மானத்தில் இரண்டு முறை படித்திருக்கிறோம். நேர்க்கோட்டு முறையில் வருஷா வருஷம் ஒரே தொகை கழித்தால் ஒரு நாள் சொத்தின் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடும். குறைந்து செல் மதிப்பு முறையில் மிச்சத்தில் இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே போனால் மதிப்பு குறையும், குறையும், குறைந்துகொண்டே இருக்கும், பூஜ்யம் மட்டும் ஆகாது. ஒரு லட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு வருஷம் 50 சதவீதம் தேய்மானம் போட்டால் 20 வருஷம் கழித்துப் பத்துப் பைசா கூடத் தேறாது. ஆனால் கணக்கில் ஏதோ ஒன்று இருக்கும்.

லீப்பும் ராபின்சனும் சொன்ன கூம்பின் வெளிப்பக்கம் இந்த இரண்டாவது முறை மாதிரி. சேதி கண்டிப்பாக இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதை வைத்து எந்த வியாபாரமும் செய்ய முடியாது. தணிக்கையில் அற்பத் தொகையைக் கண்டுகொள்ளாமல் விடுவது போல, அதையும் விட்டுவிடலாம். எவ்வளவு விடுகிறோம் என்பதற்குக் கணக்கு கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. ஓர் ஸ்பின்னுக்கு நாளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, உலகத்தில் இருக்கும் எல்லா ஸ்பின்களையும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அதன் கூம்புக்குள் வருபவற்றை எடுத்தால் போதும். கணினியில் இந்த மாதிரிப் பொருள்களைப் போட்டுப் பார்க்க முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முப்பது வருஷத் தூக்கம்

சேதியின் வேகம் பற்றிய இந்தச் சேதியே மெதுவாகத்தான் பரவியது. முப்பது வருஷத்துக்குக் கணித இயற்பியல்காரர்கள் வட்டத்துக்கு வெளியே இதைப் பெரிதாக யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை. 2004-ல் மேத்யூ ஹேஸ்டிங்ஸ், லீப் தன் நண்பர்கள் இருவரோடு 1961-ல் ஒற்றை வரிசை ஸ்பின்களுக்கு நிரூபித்திருந்த ஒரு தேற்றத்தை அகலமான அணிக்கோவைகளுக்கு நீட்டினார். அதற்கு அவர் கையில் எடுத்த கருவி இந்த 1972 வேக வரம்பு. அதற்குப் பிறகு கட்டுரைகள் மளமளவென்று வந்தன. 2006-ல் பிராவி, ஹேஸ்டிங்ஸ், வெர்ஸ்ட்ரேட் மூவரும் சேதிக்கு மட்டுமல்ல, தொலைவில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே புதிதாகத் தொடர்பு உருவாவதற்கும் இதே வரம்பு உண்டு என்று காட்டினார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் கண்டிப்பாக வரும். "குவாண்டத்தில் இரண்டு துகள்களைப் பிணைத்துவிட்டால், ஒன்றைத் தொட்டதும் மற்றதற்கு உடனே தெரிந்துவிடும் என்கிறார்களே?" யூடியூபில் இதை வைத்துத் தியானம், கல் மோதிரம், தொலைதூர வைத்தியம் எல்லாம் விற்கிறார்கள். என் சொந்தத்திலேயே ஒருவர் காசு கட்டியிருக்கிறார், அதனால்தான் கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன்.

பிணைந்த துகள்கள் இருப்பது உண்மை. ஒன்றை அளந்தால் வரும் விடையும் மற்றதை அளந்தால் வரும் விடையும் ஒத்துப்போவது உண்மை. முன்கூட்டியே கவரில் போட்டு ஒட்டிய சீட்டுகள் மாதிரி என்று அதைச் சுலபமாக விளக்கிவிட முடியாது என்று ஜான் பெல் 1964-ல் காட்டியதும் உண்மை. ஆனால் என் பக்கம் என்ன விடை வரும் என்பதை நான் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் அந்தப் பக்கத்துக்கு "விலை ஏறிவிட்டது" என்ற ஒரே ஒரு வரியைக் கூட அனுப்ப முடியாது. இரண்டு பக்கத்து விடைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஒற்றுமையே தெரியும். ஒப்பிட வேண்டுமென்றால் ஒருவர் போன் பண்ண வேண்டும். போன் சேதி ஒளியை மிஞ்சாது. பிணைப்பு வேறு, சேதி வேறு. காசு கட்டும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

தரமணியில் போட்ட கணக்கு

இனி நம்ம ஊர்ப் பெருமை. முதலில் மும்பை. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சஞ்சல் குமார் மஜும்தாரும் தீபன் கோஷும் 1969-ல் ஒரு ஸ்பின் வரிசையை ஆராய்ந்தார்கள். பக்கத்து வீட்டோடு முழு பலத்தோடும், அடுத்த வீட்டோடு பாதி பலத்தோடும் பேசும் ஸ்பின்கள். குறைந்தபட்ச ஆற்றல் நிலையில் அவை இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்ளும் என்று கண்டார்கள். ஜோடிக்குள் நெருக்கமான தொடர்பு. ஜோடிக்கு வெளியே ஒன்றுமில்லை. உலகம் முழுக்க இன்றும் இதற்கு மஜும்தார்-கோஷ் மாதிரி என்றே பெயர்.

அடுத்தது சென்னை. அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் தரமணியில் இருக்கிறது. எம்.ஜி.ஆர். திரைப்பட நகர்ப் பக்கம் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது. அங்கே ஜி. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் மூவரும் 2007-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது அலெக்ஸி கிட்டயேவ் கொடுத்த தேன்கூட்டு மாதிரி. அவருடைய நீண்ட கட்டுரை 2006-ல் அச்சானது. தேன்கூடு போன்ற அறுகோண அமைப்பு. ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் மூன்றே பக்கத்து வீடு. மூன்று வீட்டோடும் மூன்று வேறு வேறு மொழியில் பேசும். இந்த மாதிரியில் ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு அறுகோணத்துக்கும் மாறாத ஒரு முத்திரை இருக்கிறது. அந்த முத்திரைகள் நகரவே நகராது. ஆனால் அவற்றுக்கு நடுவே மயோரானா துகள் என்ற ஒன்று சுதந்திரமாக ஓடும்.

பொதுவாக, மிகக் குறைந்த ஆற்றலில் கூட இப்படி ஓடக்கூடிய ஒன்று இருந்தால், தொலைவில் இருக்கும் ஸ்பின்களுக்கு நடுவிலும் கொஞ்சம் கொஞ்சம் தொடர்பு இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். மூவரும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வந்த விடை அதற்கு நேர்மாறு. இரண்டு ஸ்பின்களுக்கு இடையே உள்ள தொடர்பு, எந்த நேரத்திலும், அடுத்த வீட்டைத் தாண்டினால் துல்லியமாகப் பூஜ்யம். குறைந்து செல் முறையில் வரும் கிட்டத்தட்ட பூஜ்யம் இல்லை, நிஜமான பூஜ்யம்!

காரணத்தை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். ஓர் ஸ்பின்னைத் தட்டினால் மூன்று விஷயம் பிறக்கிறது. பக்கத்து இரண்டு அறுகோணங்களில் இரண்டு முத்திரை மாறுகிறது, ஒரு மயோரானா கிளம்பி ஓடுகிறது. தூரத்தில் இன்னொரு ஸ்பின்னைத் தட்டினால் அங்கேயும் வேறு இரண்டு முத்திரை மாறும். இந்த இரண்டு தட்டலுக்கும் தொடர்பு வர வேண்டுமென்றால் முதலில் மாறிய முத்திரைகளை இரண்டாவது தட்டல் பழையபடி சரிசெய்ய வேண்டும். தூரத்தில் இருப்பவருக்கு அது கை எட்டாது. தூதன் ஓடிவிட்டான், முத்திரை புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. முத்திரை இல்லாத ஓலையை எந்த அரண்மனையில் நம்புவார்கள்?

இதனால் அந்த அமைப்பில் எதுவுமே தூரம் போகாது என்று அர்த்தம் இல்லை. ஆற்றல் போகும். தனி ஸ்பின்னைத் தட்டிக் கேட்கும் சேதி மட்டும்தான் போகாது. ஒரே ஊரில் ஒரு வகைச் சேதி ஓடுகிறது, இன்னொரு வகை வாசலைத் தாண்டவில்லை. என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்துதான் என்ன தெரியும் என்பது.

கண்ணால் பார்த்தார்கள்

இதுவரை எல்லாம் காகிதம். 2012-ல் ஜெர்மனியில் கார்ஹிங்கில் இருக்கும் மேக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில் இம்மானுவேல் ப்ளோக் குழுவினர் கூம்பை நேரில் படம் பிடித்தார்கள். லேசர் ஒளியால் முட்டைத் தட்டு மாதிரி குழிகள் செய்து, குழிக்கு ஒன்றாக ரூபிடியம் அணுக்களை உட்கார வைத்தார்கள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் தூரம் 532 நானோமீட்டர். தலைமுடியின் பருமனில் நூற்றுக்கு மேற்பட்ட குழிகளை வரிசையாக வைக்கலாம். பிறகு குழியின் ஆழத்தைச் சட்டென்று குறைத்தார்கள். அணுக்கள் பக்கத்துக் குழிக்குத் தாவ ஆரம்பித்தன. வெவ்வேறு நேரத்தில் நிறுத்திப் படம் எடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று குழி தள்ளி இருப்பவற்றுக்குத் தொடர்பு எப்போது உச்சத்துக்கு வருகிறது என்று பார்த்தார்கள். தூரம் கூடக் கூட நேரமும் அதே விகிதத்தில் கூடியது. அதே சாய்கோடு! வேகம் நொடிக்கு மில்லிமீட்டர் கணக்கில்தான். ஒளி அதே நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போய்விடும்.

ஆனால் பக்கத்து வீட்டோடு மட்டும் பேச வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால்? 2014-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலும் அமெரிக்காவின் மேரிலாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைச் செய்து பார்த்தன. மின்புலத்தில் பிடித்து வைத்த அயனிகள் தூரத்து அயனிகளோடும் நேரடியாகப் பேசும்படி செய்தார்கள். நேர்க்கோட்டுக் கூம்பு கலைந்துபோனது. தூரத்துக்குச் சேதி எதிர்பார்த்ததை விட முன்னாடியே போய்ச் சேர்ந்தது. பாசறையில் ஒருவன் கையில் போன் இருந்தது மாதிரி.

கேரளத்து மீனும் தாத்தாவின் மல்லாட்டையும்

இந்தப் போன் விஷயம் நம்ம பாடத்திலும் உண்டு. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் வட கேரள மத்தி மீன் சந்தைகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1997-லிருந்து 2001 வரை அங்கே செல்போன் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக வந்தன. அதற்கு முன், பிடித்த மீனை எந்தக் கரையில் விலை அதிகம் என்று தெரியாமல் வழக்கமான கரைக்கே கொண்டுபோவார்கள். ஓர் ஊரில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவார்கள், சில கிலோமீட்டர் தள்ளி மீன் கிடைக்காமல் ஆட்கள் நிற்பார்கள். போன் வந்த பிறகு கடலில் இருந்தே விலை கேட்டார்கள். ஊருக்கு ஊர் விலை வித்தியாசம் சுருங்கியது, கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. மீனும் அதே மீன், கடலும் அதே கடல். கூம்பு மட்டும் அகலமானது.

இப்போது தாத்தா. போன் எல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். அத்தை கல்யாணத்துக்குப் பணம் வேண்டும். களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு வியாபாரி செஞ்சியிலிருந்து வண்டியில் வந்தார். "விலை இறங்கிக்கிட்டே போவுது பெரியவரே, இன்னைக்கே போட்டுடுங்க" என்றார். தாத்தா இருந்த அத்தனை மூட்டையையும் போட்டுவிட்டார். சாயங்காலம் பஸ்ஸில் வந்த பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்னார், செஞ்சி கமிட்டியில் அன்று காலையிலேயே மூட்டைக்கு விலை ஏறிவிட்டது என்று. வியாபாரி அந்த விலையைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பி வந்திருக்கிறார்.

அத்தை கல்யாணம் நடந்தது. குறைந்த பணத்துக்கு ஒரு காணி அடமானம் போனது. அதை மீட்க ஆறு வருஷம் ஆனது. தாத்தா இப்போதும் அந்த வியாபாரியைத் திட்டுவதில்லை. "சேதி வர்றதுக்குள்ள மல்லாட்டை போயிடுச்சுப்பா" என்று மட்டும் சொல்வார்.

லீப்-ராபின்சன் பற்றி முதல் முறை படித்தபோது எனக்கு இந்த வாக்கியம்தான் ஞாபகம் வந்தது. குவாண்டம் ஸ்பின்னும் எங்கள் தாத்தாவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒரு வித்தியாசத்தைத்தான் சொல்ல வருகிறேன். அணிக்கோவையில் கூம்புக்கு வெளியே இருக்கும் ஸ்பின்னுக்கு யாரும் பொய் சொல்வதில்லை. அங்கே சேதி இல்லை, அவ்வளவுதான். மனிதர்கள் நடுவே சேதி இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது, அல்லது முன்னாடியே தெரிந்தவர் வண்டியில் வந்து இறங்குகிறார். காம் பக்ஷை மாட்டிவிட்டது முதலாவது. தாத்தாவின் காணியை அடமானத்துக்கு அனுப்பியது இரண்டாவது.

இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது, கமிட்டி விலை அன்றே வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. வதந்தியும் அதே வேகத்தில்தான் வருகிறது. அதனால் யார் என்ன சொன்னாலும் நான் இப்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்தச் சேதி இவருக்கு எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் வந்திருக்க முடியும்? விடை தெரியவில்லை என்றால் சாயங்கால பஸ் வரும் வரை மூட்டையைக் கட்டாமல் இருப்பது நல்லது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பன்னிரண்டில் இது ஒன்றுதான். வந்தால் ராஜகிரி உச்சி வரை ஏறுங்கள், தண்ணீர் பாட்டில் மறக்காமல். மேலே நின்று வடமேற்கே பாருங்கள். 1692-ல் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குதிரை வருமா என்று ஒரு பாசறையே கண்ணை வைத்துக் காத்திருந்தது.

இயற்பியல் படிக்கும் நண்பர்கள் யாராவது தப்பு கண்டுபிடித்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். அடுத்த செமஸ்டர் தேர்வு முடிந்ததும் சந்திப்போம்.